கொள்ளுப் பொட்டில் நாலு தடம்

எங்க வூட்டுக்காரரு ஓட்டுன காரு ரோட்டுல நேரா போவாம இழுத்துக்கிட்டுப் போச்சு. நடந்தது அவ்வளவுதான். ஆனா ஊரு அதை அப்பிடிச் சொல்லல. ஓட்டுறவன் குடிச்சிருக்கான்னு சொல்லுச்சு. ஊரைச் சொல்லி என்ன ஆவப் போவுது, நானும்தான் சொன்னேன்.

நான் வாய்க்காரி. சின்னதுல இருந்தே அப்பிடித்தான். "உனக்கு நாக்கு முன்னாடி ஓடும், புத்தி பின்னாடி வரும்"னு எங்கம்மா திட்டிக்கிட்டே இருக்கும். கோவம் வந்தா எதுக்க நிக்கிறது யாருன்னு பாக்க மாட்டேன். இப்ப வயசாயிடுச்சு, கோவம் மட்டும் வயசாவல.

அப்ப அவரு பென்னாகரத்துல ஒரு புளி மண்டி மொதலாளிக்கு டிரைவரா இருந்தாரு. ஊருல விரல் விட்டு எண்ணுற அளவுக்குத்தான் காரு. மொதலாளி அந்தக் கருப்புக் கார சேலத்துல ரெண்டாங்கையா வாங்கிட்டு வந்தாரு. வாரத்துல நாலு நாளு தர்மபுரிக்கு போவாரு, வருவாரு. கதர்ச் சட்டைக்காரரு, அந்தக் காலத்துல கள்ளுக்கடை மறியல்ல நின்ன மனுசன். சாராயம்னு பேச்ச எடுத்தாலே மூஞ்சி மாறிப் போவும்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. போலீசு சந்தேகப்பட்டா வாய ஊதச் சொல்லி மோந்து பாத்து, அப்பிடியே கூட்டிட்டுப் போயிடுவாங்க. இருந்தாலும் காட்டோரம் பட்டைச் சாராயம் காய்ச்சுறவன் காய்ச்சிக்கிட்டுத்தான் இருந்தான், குடிக்கிறவன் குடிச்சிக்கிட்டுத்தான் இருந்தான். எங்க கலியாணம் ஆன புதுசுல இவரும் குடிச்சாரு. பொய் சொல்லக் கூடாது, என்னை அடிச்சதில்ல, ஏசுனதில்ல. குடிச்சிட்டு வந்து ஒரு மூலையில உக்காந்து அழுவாரு. எனக்கு அது அடிக்கிறத விட எரிச்சலா இருக்கும்.

மவ பொறந்ததும் நான் தாய் வூட்டுல இருந்து வர மாட்டேன்னுட்டேன். "குடிய விட்டாத்தான் வருவேன், இல்லன்னா இந்தப் பொண்ணு அப்பன் இல்லாதவளாவே வளரட்டும்"னு சொல்லி அனுப்பிட்டேன். நேரா வந்தாரு. என்னையும் புள்ளையையும் முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. கல்லு மேல கற்பூரம் ஏத்தி, "இனி தொட்டேன்னா இந்தப் புள்ள தலைக்கு ஆவட்டும்"னு சொல்லி, எரியுற கற்பூரத்த உள்ளங்கையால அடிச்சு அணைச்சாரு. எங்க பக்கம் அதுக்கு மேல சத்தியம் கெடையாது. கோர்ட்டுல சொல்றது வேற, கற்பூரம் அணைக்கிறது வேற.

அஞ்சு வருசம் அவருகிட்ட ஒரு வாசனையும் இல்ல. அதுக்கப்புறம்தான் இந்தக் காரு இழுக்க ஆரம்பிச்சுது.

மொதல்ல எங்கிட்டதான் சொன்னாரு. ஒரு நாளு சாயங்காலம் கேவுரு பொடைச்சிக்கிட்டு இருந்தேன். எங்கையில இருந்த மொறத்த வாங்கி ஸ்டேரிங்கு மாதிரி புடிச்சுக் காட்டுனாரு. "இந்தா புள்ள, இப்பிடி நேரா புடிச்சா வண்டி இடது பக்கமா போவுது. நேரா போவணும்னா இப்பிடிக் கொஞ்சம் வலது பக்கம் திருப்பியே வெச்சிருக்கணும். அது கூட பழகிடும். ஆனா ஆக்சிலேட்டர அழுத்துறப்ப கொஞ்சம் நேரா வருது, கால எடுத்தா மறுபடியும் இடது பக்கம் ஓடுது. பிரேக்கு போட்டா இன்னும் மோசம். என்னா எழவுன்னே புரியல."

எனக்கு மொறம் வேணும். "வண்டிய மொதலாளிகிட்ட சொல்லுங்க, மொறத்த எங்கிட்ட குடுங்க"ன்னேன்.

சொல்லியிருக்காரு. மொதலாளி தர்மபுரியில அவருக்கு வழக்கமான மெக்கானிக்கிட்ட விடச் சொல்லியிருக்காரு. மெக்கானிக்கு மொதல்ல காத்து அளந்து பாத்தான். சரியா இருந்துச்சு. முன்னாடி ரெண்டு டயரையும் எடம் மாத்திப் போட்டான். அப்பவும் இழுத்துச்சு. முன் சக்கரத்துக்கு நூல் புடிச்சுப் பாத்தான், கோணல் இல்ல. ஸ்டேரிங்குக்குக் கீழ இருக்குற கம்பி மூட்டு ஒவ்வொண்ணையும் ஆட்டிப் பாத்து, ஒண்ண புதுசா மாத்துனான். அப்புறம் தானே ஏறி பஸ் ஸ்டாண்ட ஒரு சுத்து சுத்திட்டு வந்து, "வண்டி ரதம் மாதிரி போவுதுங்க, ஓட்டுறவரு கையிலதான் ஏதோ இருக்குது"ன்னு மொதலாளிகிட்ட சொல்லிட்டான். வெறும் வண்டிய ஊருக்குள்ள மெதுவா உருட்டிப் பாத்துட்டுச் சொன்ன பேச்சு அது. அந்தப் பேச்சுத்தான் விதை.

அதுக்கு அடுத்த வாரம் மொதலாளியும் அவரு சம்பந்தியும் தர்மபுரியில இருந்து திரும்பி வர்றாங்க. டிக்கியில மூட்டை மூட்டையா மூணு சிப்பம் புளி. எதுக்க பஸ்சு வந்துச்சு. அப்பெல்லாம் ஒத்த தாரு ரோடுதான், பஸ்சு வந்தா காரு மண்ணுல எறங்கி வழி வுடணும். இவரு கால எடுத்து பிரேக்கு போட்டிருக்காரு, வண்டி இடது பக்கமா பாஞ்சு ஒரு புளிய மரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்னுச்சாம். சம்பந்தி எறங்கி வேட்டிய உதறிக்கிட்டு, "ஏங்க, உங்க டிரைவரு சாப்பிட்டிருக்கானா?"ன்னு கேட்டிருக்காரு. சாப்பிட்டிருக்கானான்னா எங்க பக்கம் என்னா அர்த்தம்னு எல்லாருக்கும் தெரியும்.

"வண்டிதான் இழுக்குதுங்க மொதலாளி"ன்னு இவரு சொன்னாரு. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்"னு மொதலாளி சொன்னாரு. ரெண்டு நாளுல அது பென்னாகரம் முழுக்க பரவிடுச்சு. கெணத்தடியில எங்கிட்டயே ஒருத்தி, "உங்க வூட்டுக்காரரு கூடத்த எப்ப நேரா பண்ணப் போறாரு?"ன்னு கேட்டா. கொடத்த அவ கால்ல போட்டிருப்பேன், தண்ணி வீணாயிடுமேன்னு வுட்டேன்.

அவளத் திட்டிட்டு வூட்டுக்கு வந்தேன் பாருங்க, வந்ததும் எனக்குள்ள பூந்துக்கிச்சு சந்தேகம். அஞ்சு வருசம் ஒழுங்கா இருந்தவரு ஆறாம் வருசம் மாற மாட்டாரான்னு. அன்னைக்கி சாயங்காலம் அவரு வாசப்படி ஏறுறப்ப கைய நீட்டி மறிச்சேன்.

"ஊதுங்க."

"என்னாது?"

"போலீசுக்கு ஊதுற மாதிரி எனக்கு ஊதுங்க. ஊதிட்டு உள்ள வாங்க."

அப்புறம் குனிஞ்சு ஊதுனாரு. பீடி வாசனையும் வெத்தல வாசனையும்தான் வந்துச்சு. சும்மா இருந்திருக்கலாம்ல? இருக்கல. வெத்தல போட்டுட்டு வந்தா, வாசனைய மறைக்கத்தான் போட்டிருக்காருன்னு நெனச்சேன். மறுநாளு வெத்தல இல்லாம வந்தாரு. சரி, மத்தியானமே குடிச்சிட்டு வாயக் கழுவிட்டு வந்திருக்காருன்னு நெனச்சேன். கொய்யா எலைய மென்னா நாத்தம் போயிடும்னு யாரோ சொன்னாங்க, அவரு சட்டப் பைய உதறி எலை இருக்குதான்னு பாத்தேன். பனமரத்துக்கு அடியில நின்னு பாலக் குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாங்கன்னு ஒரு பேச்சு இருக்குதே, அந்த மரமும் நாந்தான், சொன்னவளும் நாந்தான். இருவது நாளு தெனமும் ஊத வெச்சேன். ஒரு நாளும் அந்த வாசனை வரல. வராததுதான் எனக்கு இன்னும் சந்தேகமா இருந்துச்சு.

கடைசியில ஒரு வெள்ளிக்கெழம கற்பூரத்தக் கொண்டு வந்து வெச்சேன். "அன்னைக்கி அணைச்சீங்கல்ல, இன்னொரு தடவ அணைங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்"ன்னேன்.

"மாட்டேன்"னாரு.

"ஏன் மாட்டீங்க? கை சுடுதா?"

"ஒரு தடவ அணைச்சாச்சு. மறுக்கா அணைச்சா மொதல்ல அணைச்சது பொய்யின்னு ஆயிடும். புள்ள தலை மேல சொன்னது அது. உனக்காவ அத நான் பொய்யாக்க மாட்டேன்."

நாயமான பேச்சு. இப்ப எனக்குத் தெரியுது. அன்னைக்கி என் காதுல வுழுந்தது 'மாட்டேன்' மட்டும்தான். குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதுன்னு முடிவு கட்டிட்டேன்.

மறுநாளு மொதலாளி ஆளு வுட்டு என்னைக் கூப்புட்டாரு. மண்டிக்குள்ள புளிச் சிப்பத்துக்கு நடுவுல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரு. "ஏம்மா, அவன் நல்லவன்தான். எனக்கும் அவனை நிறுத்த மனசு வரல. ஆனா பின்னாடி உக்காந்து வர்றவனுக்கு உசுருன்னு ஒண்ணு இருக்குதில்ல? ஊரு பேசுறத நான் கேக்கல. நீ பொண்டாட்டி, உனக்குத் தெரியாதது இல்ல. நீ இல்லன்னு சொல்லு, நான் வுட்டுடறேன். குடிக்கிறானா?"

என் வாயில 'இல்லீங்க'ன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா முடிஞ்சிருக்கும். நான் என்னா சொன்னேன் தெரியுமா? "கற்பூரம் அணைக்கச் சொன்னேனுங்க, மாட்டேன்னுட்டாரு"ன்னேன்.

மொதலாளி தலைய ஆட்டுனாரு. அன்னைக்கே சாவிய வாங்கிட்டாரு.

அவரு வூட்டுக்கு வந்து எங்கிட்ட சண்டை போடல. "நீ சொன்னியாமே"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வேலையக் கேட்டு நாலு எடம் போனாரு. குடிகாரன்னு மொதலாளியே நிறுத்துன டிரைவர எவன் வண்டியில ஏத்துவான்? ஏரியூர்ல ஒரு ஜீப்பு இருக்குதுன்னு போனாரு, அவருக்கு முன்னாடியே பேச்சு அங்க போய் நின்னுச்சாம். அப்புறம் எங்களுக்கு ரோட்டோரம் இருந்த ஒண்ணரை ஏக்கரா மேட்டாங்காட்டுல கொள்ளு புடுங்குற வேலைக்கு எங்கூட வந்தாரு. ஸ்டேரிங்கு புடிச்ச கையி, ரெண்டு நாளுல கிழிஞ்சு போச்சு. எனக்குப் பாக்க வயித்தெரிச்சலா இருந்துச்சு. ஆனா அப்பவும் 'குடிக்காம இருந்திருந்தா இது வருமா'ன்னுதான் நெனச்சேன், பாவி.

மொதலாளி தர்மபுரிப் பக்கத்துல இருந்து புது டிரைவரக் கொண்டாந்தாரு. வேதக்காரரு. ஞாயித்துக்கெழம தவறாம கோயிலுக்குப் போறவரு, பீடி கூட புடிக்காதவருன்னு எல்லாரும் பெருமையாப் பேசுனாங்க. ஆனா நான் காட்டுல நின்னு பாக்கறேன், அவரு ஓட்டுறப்பவும் காரு ஒரு மாதிரி கோணிக்கிட்டுப் போவுது. எனக்கு மொதல்ல என்னா தோணுச்சு சொல்லுங்க? 'அடடா, இவனும் குடிக்கிறான்'னுதான் தோணுச்சு. என் புத்திய எதால அடிக்கிறது.

எங்க பக்கம் கொள்ளுச் செடி அடிக்கிறதுக்கு களம் தேட மாட்டாங்க. செடியக் கொண்டாந்து தாரு ரோட்டுல பரப்பிடுவாங்க. பஸ்சும் லாரியும் ஏறிப் போனா காய் வெடிச்சு கொள்ளு கீழ எறங்கிடும். மேல இருக்குற செடிய வாரிப் போட்டா, அடியில கொள்ளும் மாவு மாதிரி பொட்டும் கெடக்கும். அன்னைக்கி காலையில செடியெல்லாம் வாரிட்டு, பொட்ட கூட்டிக் குமிக்கிறதுக்கு வெளக்குமாத்த எடுத்தேன். அந்த நேரம் அரசாங்க ஜீப்பு ஒண்ணு வந்துச்சு. ஒதுங்குனேன். போனதும் பாத்தேன், பொட்டு மேல ரெண்டு தடம். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. முன் சக்கரம் போன தடத்து மேலயே பின் சக்கரமும் போயிருக்குது. அது ஒண்ணும் அதிசயம் இல்ல, எல்லா வண்டியும் அப்பிடித்தான் போவும்.

கூட்டி முடிக்கிறதுக்குள்ள மொதலாளி காரு வந்துச்சு. ஜீப்புத் தடத்துக்கு ஒதுங்கி, கூட்டாத பக்கமா ஏறிப் போச்சு. டிக்கி தாழ்ந்து கெடந்துச்சு, சிப்பம் ஏத்தியிருந்தாங்க. தூசி அடங்குனதும் குனிஞ்சேன். நாலு தடம். ஒவ்வொரு பக்கமும் ரெண்டு ரெண்டு. முன் சக்கரம் போன தடத்துக்கு வலது பக்கமா, நாலு விரல் தள்ளி, பின் சக்கரத்துத் தடம். காரு எங்கயும் வளையாமத்தான் போச்சு, நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பிடின்னா முன்னாடி ஒரு வழியில போவுது, பின்னாடி ஒரு வழியில போவுது.

குடிக்காத மனுசன் ஓட்டுறான், காரு கோணலாப் போவுது.

"ஏனுங்க! இங்க வாங்க! ஓடியாங்க!"ன்னு கத்துனேன். காட்டுக்குள்ள இருந்து வந்தாரு. நான் வெளக்குமாத்தால காட்டுனேன். குத்துக்கால் போட்டு உக்காந்து, விரல வெச்சு அளந்தாரு. மெதுவா எந்திரிச்சு அந்தப் பக்கமும் போய் அளந்துட்டு வந்தாரு. "பின்னாடியா…"ன்னாரு. "எல்லாரும் முன்னாடியே பாத்தோம். நானும் முன்னாடியே பாத்தேன். பின் அச்சு நகந்திருக்குது. வண்டிக்கு அடியில இருக்குற வில்லுப் பட்டைய அச்சோட சேத்துப் புடிக்கிற நடு போல்ட்டு முறிஞ்சிருக்கும். அதான் கால எடுத்தா அச்சு பின்னுக்குப் போயி வண்டி இடது பக்கம் ஓடிச்சு"ன்னாரு. அவரு கண்ணுல தண்ணி நின்னுச்சு.

"வாங்க, மொதலாளி திரும்பி வர்றப்ப மறிச்சுக் காட்டலாம்"ன்னேன்.

"நான் மறிக்க மாட்டேன். நீ சொல்லித்தான் என் வேலை போச்சு. நீயே சொல்லு."

சொல்லிட்டு கொள்ளுக் கட்டத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு.

நான் மத்தியானம் வரைக்கும் வேற ஒரு வண்டியையும் அந்தப் பொட்டு மேல ஏற வுடல. நடு ரோட்டுல முள்ள வெட்டிப் போட்டு, பஸ்ச கூட ஓரமா போவச் சொன்னேன். கண்டக்டரு எறங்கி வந்து ஏசுனான். நானும் ஏசுனேன். எனக்கு முன்னாடி அவன் நிக்க முடியுமா? ஒதுங்கித்தான் போனான்.

வெயிலு சாயறப்ப காரு திரும்பி வந்துச்சு. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு நின்னேன். மொதலாளி எறங்குனாரு. "என்னம்மா இது, ரோட்ட மறிச்சுக்கிட்டு?"

"இங்க வந்து குனிஞ்சு பாருங்க. காலையில உங்க காரு போன தடம். அந்தப் பக்கம் கெடக்கிறது ஜீப்பு போன தடம். எது கோணல்னு நீங்களே சொல்லுங்க. ஆடத் தெரியாதவன்னு சொன்னீங்கல்ல? கூடம் நெசமாவே கோணலுங்க."

பாத்தாரு. நம்பல. "டிரைவரு வளைச்சு ஓட்டியிருப்பான்"னாரு. அந்த வேதக்காரரு பாவம், ஸ்டேரிங்க வுட்டு எறங்கி வந்து, "இல்லீங்க ஐயா. வந்த நாளுல இருந்து இழுக்குதுங்க. சொன்னா என்னையும் குடிக்கிறேன்னு சொல்லிடுவீங்கன்னு சொல்லல"ன்னு போட்டு ஒடைச்சாரு.

மறுநாளு மெக்கானிக்கு பென்னாகரத்துக்கே வந்தான். நானும் மண்டிக்குப் போயி நின்னேன், கூப்புடாமயே. இந்தத் தடவ நூல முன் சக்கரத்தோட நிறுத்தாம பின் சக்கரத்துல இருந்து முன் சக்கரம் வரைக்கும் இழுத்துப் புடிச்சான். புடிச்சதும் அவன் மூஞ்சி செத்துப் போச்சு. கீழ பூந்து வலது பக்கத்துப் பட்டைய அவுத்து, ரெண்டு துண்டா முறிஞ்ச போல்ட்ட எடுத்துக் கொண்டாந்து மொதலாளி கையில வெச்சான். முறிஞ்ச எடம் பளபளன்னு இல்ல. துரு ஏறிக் கெடந்துச்சு. முறிஞ்சு எத்தனையோ மாசம் ஆயிடுச்சு. காருல ஏத்தக் கூடாத சிப்பத்த ஏத்தி ஏத்தி முறிஞ்சது. ஏத்தச் சொன்னவரு கையிலயே அது இருந்துச்சு.

மொதலாளி மனுசன். அன்னைக்கே எங்க வூட்டுக்கு நடந்தே வந்து சாவிய நீட்டுனாரு. "நான் பேசுனது தப்புப்பா"ன்னாரு. இவரு சாவிய வாங்கிட்டாரு. அந்த வேதக்காரருக்கு மொதலாளியே பாப்பிரெட்டிப்பட்டியில ஒரு எடம் சொல்லி அனுப்புனாரு. ஊரு வாயும் மூடிக்கிச்சு. எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சேன்.

வேலைக்குப் போன மொத நாளு சாயங்காலம் வந்தாரு. வாசப்படியில நின்னாரு. குனிஞ்சு என் மூஞ்சிக்கு நேரா 'ஃபூ'ன்னு ஊதுனாரு. அப்புறம் உள்ள போனாரு.

"ஏனுங்க, அதான் தெரிஞ்சு போச்சே, எதுக்கு ஊதறீங்க"ன்னேன். மறுநாளும் ஊதுனாரு. அதுக்கு மறுநாளும். நான் திட்டிப் பாத்தேன், அழுது பாத்தேன், "தப்புத்தான், என்னைச் செருப்பால அடிங்க, இப்பிடி ஊதாதீங்க"ன்னு கால்ல கூட வுழுந்தேன். "பழகிப் போச்சு புள்ள"ன்னு ஒரே பேச்சு. அவரு வர்ற நேரம் பாத்து கொல்லைப் பக்கம் போய் நின்னுக்குவேன். வாசல்லயே நிப்பாரு. நான் வர்ற வரைக்கும் நிப்பாரு. மத்தபடி எங்கிட்ட அன்பாத்தான் இருந்தாரு. சந்தைக்குப் போனா எனக்குப் புடிச்ச பொரி உருண்டை வாங்காம வர மாட்டாரு. அந்தப் பொரி உருண்டைய கையில வெச்சுக்கிட்டே ஊதுவாரு. ரெண்டு வருசத்துக்கு மேல அப்பிடியே போச்சு.

அப்புறம் அரசாங்கமே சாராயக் கடை தொறந்துச்சு. பென்னாகரத்துலயும் தொறந்தாங்க. தொறந்த கொஞ்ச நாளுல ஒரு சாயங்காலம் வழக்கமா வர்ற நேரத்துக்கு வந்தாரு. வாசப்படியில நின்னாரு. குனிஞ்சு ஊதுனாரு.

நாத்தம் குப்புன்னு அடிச்சுது.

கண்ணக் கொட்டாம என்னையே பாத்துக்கிட்டு நின்னாரு. மவ உள்ள வாய்ப்பாடு சொல்லிக்கிட்டு இருந்தா. அவ தலை மேல சொன்ன சத்தியம் ஞாபகம் வந்துச்சு. மண்டியில நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு மொதலாளி கேட்ட கேள்வியும் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கி சொல்லாத வார்த்தைய இன்னைக்கி சொன்னேன்.

"ஒண்ணும் இல்லீங்க. உள்ள வாங்க, களி ஆறுது."

அவரு படியிலயே உக்காந்துட்டாரு. துண்டால மூஞ்சிய மூடிக்கிட்டாரு. அப்புறம் எந்திரிச்சு, வாயக் கொப்பளிச்சிட்டு வந்து சாப்புட்டாரு.

அதுக்கப்புறம் அவரு ஒரு நாளும் ஊதல. அந்த வாசனையும் மறுபடி ஒரு நாளும் வரல. அன்னைக்கி குடிச்சுட்டுத்தான் வந்தாரோ, என்னைச் சோதிக்க வாயில ஊத்தித் துப்பிட்டு வந்தாரோ, எனக்கு இன்னைக்கி வரைக்கும் தெரியாது. நான் கேக்கல.